தாலிகட்டு நேரத்தில் அடித்த போன்

குழுவில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வேலணையில் இருபத்தாறு வருடங்கள் கலியாண வீடியோ வெட்டி ஒட்டிய அக்கா எழுதுகிறேன். போன வருடம் கடையை ஒப்படைத்துவிட்டேன். கண் களைத்துவிட்டது, வாய் இன்னும் களைக்கவில்லை. என்னை உங்கள் குழுவிலிருந்து எடுத்துவிட ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் காலையில் அனுப்புகிற இணைப்புகளை எல்லாம் நான் திறந்து பார்க்கிறேன். புதுப் பதிப்பு வந்திட்டுது, இலவசமாக நிறச் சரிப்படுத்தல் கிடைக்குது, இந்தத் தளத்தில் இசை எடுக்கலாம், அந்தத் தளத்தில் எடுத்தால் வழக்குப் போடுவான். முந்தி விடிய எழும்பினால் பேப்பரில் மரண அறிவித்தல் பார்ப்பேன். இப்போது உங்கள் இணைப்புகள். அதுவும் இதுவும் எனக்கு ஏறக்குறைய ஒரே சுவாரசியம்தான்.

போன கிழமை உங்களில் ஒருவர், ஊர்காவற்றுறைத் தம்பி, நான் மாதிரிக்கு வைத்திருந்த கலியாண வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு இப்படி எழுதினார்: "அக்கா, தாலி கட்டேக்கை ஆற்றையோ போன் ஒண்டு அடிக்குது. எடுக்க மறந்திட்டீங்கள் போலை. இப்ப அதெல்லாம் ஒரு தட்டிலை எடுக்கலாம்." கீழே ஒரு இணைப்பும் போட்டிருந்தார்.

எடுக்க மறக்கவில்லை, ராசா. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டது. ஏன் போட்டேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். படிக்கப் பஞ்சியாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

கடையை ஒப்படைப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முந்திய ஆவணி மாதம். பெண் வேலணை, மாப்பிள்ளை லண்டன். மாப்பிள்ளையும் அவருடைய தமக்கையும் மட்டும் வந்திருந்தார்கள். தாய்க்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தகப்பன் இல்லை. ஒரே ஆண்பிள்ளையின் கலியாணத்துக்கு வரமுடியாமல் அந்த அம்மா லண்டனில் இருந்தா.

கலியாணம் வெள்ளிக்கிழமை. பத்து இருபத்தைந்துக்குள் தாலி ஏறவேண்டும், பத்தரைக்கு இராகுகாலம். ஐயர் நயினாதீவிலிருந்து வரவேண்டியவர். இளம் பிள்ளை. தகப்பனோடு உதவிக்குப் போய்வந்தவர், அந்த வருடம்தான் தனியாகக் கலியாணம் செய்யத் தொடங்கியிருந்தார். அன்றைக்கென்று பார்த்துச் சோளகக் காற்றுப் பேயாய் அடித்தது. படகு பிந்திவிட்டது. மண்டப வாசலில் பெண்ணின் தகப்பன் குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் பார்த்தபடி நின்றார். ஐயர் வந்து இறங்கியபோது வேட்டிக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஆனால் மனிதர் பதறவில்லை. நேரே மணவறைக்குப் போய் இருந்தார், செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார், தாலியும் ஏறியது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் எந்தக் காலத்திலோ நின்றுபோனது. ஆகவே எத்தனை மணி என்று நான் பார்க்கவில்லை, என் வேலையைத்தான் பார்த்தேன்.

எங்களிடம் இரண்டு கமரா. பெரியதை என் கணவர் பிடித்தார். மற்றது அவருடைய மச்சான் லண்டனிலிருந்து கொடுத்துவிட்ட பழைய கமரா, அதை மணவறைக்குப் பக்கத்தில் மூன்றுகால் தாங்கியில் பூட்டி நான் பார்த்துக்கொண்டேன். அந்தக் கமரா வந்தபோது அதற்குள் லண்டன் நேரம் ஓடியது. நான் பட்டியலில் லண்டனை மாற்றிக் கொழும்பை அமத்தினேன், மணி தானாகவே முன்னுக்குப் பாய்ந்தது. அட, கெட்டிக்காரக் கமரா என்று நினைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டேன்.

தாலி கட்டும் நேரம் சனம் முழுக்கப் பூவோடும் போனோடும் எழும்பிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா? கணவரின் கமராவில் முழுக்க முதுகுகள்தான். தாலிகட்டுப் படத்தில் விழுந்தது என்னுடைய பழைய கமராவில் மட்டும்.

அடுத்த கிழமை வேலை பாதியில் நிற்கும்போது புதுப் பதிப்புச் செய்தி வந்தது. எல்லாக் கமராத் துண்டுகளையும் மணிக்கூட்டைப் பார்த்துத் தானே வரிசைப்படுத்துமாம். சத்தத்தைத் துப்புரவாக்குமாம். வீட்டுக்காரர் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கு இணைப்பு அனுப்பினால், ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் படம்பிடித்த நேரம் விழுமாம். வேலை பாதியில் இருக்கும்போது பதிப்பு மாற்றக்கூடாது என்று உங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லித் தந்தேன். எனக்கு யார் சொல்வது? கணவர் சொன்னார்தான்.

"ஓடுற பஸ்ஸிலை சில்லு மாத்தப்போறீரோ?"

"உங்களுக்கு இதுகள் விளங்காது" என்று சொல்லிவிட்டு அமத்தினேன்.

மாற்றிய பிறகு துண்டுகள் தாமாகவே வரிசையாக வந்து நின்றன. எல்லாம் அழகு, ஒன்றைத் தவிர. பெரியவர்கள் அறுகரிசி போட்டு வாழ்த்துகிறார்கள், அதற்குப் பிறகு தாலி கட்டுகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த மென்பொருளுக்குக் கலியாணம் தெரியாது என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு தாலிகட்டைக் கையால் இழுத்து உரிய இடத்தில் போட்டேன்.

இந்த இடத்தில்தான் என் தலையில் குட்டவேண்டும். வரிசை பிழைத்திருக்கிறது என்று கண்டேன், திருத்தினேன், ஏன் பிழைத்தது என்று கேட்கவில்லை. இருபத்துநாலு வருட அனுபவக்காரி, ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். தாலிகட்டில் கேட்ட போன் சத்தத்தையும் புதுக் கருவியால் எடுத்தேன். அது அவ்வளவு துப்புரவாகப் போனதைப் பார்த்துப் பெருமையும் பட்டேன். இணைப்பை லண்டனுக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தா.

"தங்கச்சி, தாலிகட்டிலை மூலையிலை பத்து நாப்பத்தாறு எண்டு கிடக்குது. அது என்ன?"

"அது படமெடுத்த நேரம், அக்கா" என்றேன், ஏதோ புண்ணியம் செய்தவள்போல.

"அப்ப இராகுகாலத்திலைதான் என்ரை பிள்ளைக்குத் தாலி கட்டுவிச்சிருக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டா.

பெண்ணின் தகப்பனுக்கு எடுத்தேன். தன்னுடைய கைமணிக்கூட்டில் பத்துப் பதினைந்து என்று அவர் சத்தியம் செய்தார். ஆனால் பெண் பகுதியின் மணிக்கூட்டை மாப்பிள்ளை பகுதி ஏன் நம்பவேண்டும்? ஐயர் பிந்தி வந்ததை நானூறு பேர் கண்டிருக்கிறார்கள். படத்தில் நேரம் எழுதியிருக்கிறது. போதாதா?

ஒரு கிழமை கழித்து ஐயர் கடைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார்.

"ஐப்பசியிலை ரெண்டு கலியாணம் ஒத்துக்கொண்டனான், அக்கா. ரெண்டு வீட்டுக்காரரும் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். லண்டனிலையிருந்து கதை வந்திட்டுதாம். அப்பாவும் என்னை ஒருமாதிரிப் பாக்கிறார். நான் கடலிலை பிந்தினது உண்மை. மணவறையிலை பிந்தேல்லை."

அவர் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்த நம்பரை மாத்தி அனுப்ப ஏலாதோ?"

ஏலும். பத்து நிமிட வேலை. பத்துப் பதினைந்து என்று போட்டு, முந்தியது பிழை, இதுதான் சரி என்று அனுப்பலாம். என் கையும் அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே காட்சிக்கு இரண்டு நேரம் லண்டனுக்குப் போனால் அந்த அம்மா என்ன நினைப்பா? ஐயரும் நானும் சேர்ந்து மூடப்பார்க்கிறோம் என்றுதான். பிறகு உண்மையைச் சொன்னாலும் ஏறாது. அதோடு, அந்த நேரம் எனக்கே எது உண்மை என்று தெரியாது.

"ஏலாது, ஐயா" என்றேன். "ரெண்டு நாள் தாங்கோ."

அன்று பின்னேரம் எங்கள் தொழில்காரர் கேள்வி கேட்கிற இணையத்தளம் ஒன்றில் என் அரைகுறை ஆங்கிலத்தில் நடந்ததை எழுதினேன். பெயரில்லாத ஒருவர், படத்துக்குப் பதிலாக ஒரு பூனையை வைத்திருந்தவர், பதில் போட்டார். எந்த நாடோ, ஆணோ பெண்ணோ, இன்றுவரை தெரியாது. அவர் மருந்து ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்: ஒரே சத்தத்தை இரண்டு கமராவிலும் கேட்டுப் பார், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

கெட்டிமேளத்தை எடுத்தேன். கணவரின் கமராவில் முதுகுகளுக்குப் பின்னால் அது கேட்டது, பத்துப் பதினாறு. என் கமராவில் பத்து நாற்பத்தாறு. எழுதினேன். பூனைக்காரர் உடனே பதில் போட்டார். மனிதர் பிந்தினால் பதினேழு நிமிடம், இருபத்துமூன்று நிமிடம் என்று பிந்துவார்கள், சரியாக அரைமணி என்றால் அது மனிதர் இல்லை, மணிக்கூட்டைச் சரிப்படுத்தியதில் வந்த பிழை, உங்கள் ஊரில் அரைமணிக் கதை ஏதும் உண்டா என்று.

அரைமணிக் கதை! உங்களில் பாதிப்பேர் அப்போது பிறக்கவில்லை. ஒருகாலம் இந்த நாட்டில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி, பிறகு கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, பல வருடங்கள் அரைமணி முன்னாலேயே ஓடவிட்டார்கள். பள்ளிக்கூடம் புது நேரம், கோயில் பூசை பழைய நேரம். கலியாணக் கார்டில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பழைய நேரம்' என்று அச்சடிப்பார்கள். யாரும் எத்தனை மணி என்று சொன்னால் "புதுசோ பழசோ?" என்று கேட்போம். பிறகு ஒருநாள் எல்லாம் பழையபடி வந்தது, நாங்களும் மறந்துபோனோம். அந்தக் கமரா செய்தவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. லண்டனிலிருந்து கொழும்புக்கு மாற்றினால் எத்தனை மணி கூட்டவேண்டும் என்று அவன் எழுதி வைத்த கணக்கு அந்தப் பழைய கணக்கு. எங்கள் கமராவுக்குள் இன்னும் புது நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவும் செய்தேன், அழவும் செய்தேன். கணவர் பயந்துபோனார்.

உடனே லண்டனுக்கு எடுத்தேன். முதல் சொல்லாகவே, "அக்கா, பிழை என்ரை. ஐயரின்ரை இல்லை" என்றேன். அரைமணிக் கதையைச் சொன்னேன். அந்த அம்மா முழுதும் கேட்டா.

"நீர் வெட்டி ஒட்டுற ஆள், தங்கச்சி. உமக்கு ஒரு நேரத்தை மாத்த எவ்வளவு நேரம் செல்லும்? ஐயரும் உங்கடை பக்கத்து ஐயர்."

எனக்கு ரோசம் வந்தது. ஆனால் ஐயர் என்னிடம் கேட்டதும் அதைத்தானே.

"விடியப்புறம் எழும்பிச் சாமிப்படத்துக்கு முன்னாலை இருந்தனான்" என்று அவ சொன்னா. குரல் தளர்ந்திருந்தது. "மகளின்ரை போனுக்கு எடுத்தனான். ஒரே இரைச்சல். கத்திக் கூப்பிட்டனான், ஒண்டும் கேக்கேல்லை. வெட்டிப்போட்டன். பெத்த பிள்ளையின்ரை தாலிகட்டைக் காதாலை கேக்கக்கூடக் குடுத்துவைக்கேல்லை. நீங்கள் எல்லாரும் வந்து எனக்கு நேரம் சொல்லுறியள்."

வைத்துவிட்டா. நான் அந்த இடத்திலேயே இருந்தேன். மகளின் போனுக்கு எடுத்தாவாம். மகள், அதாவது மாப்பிள்ளையின் தமக்கை, மணவறைக்குப் பக்கத்தில்தானே நின்றாள்? என் கமரா காலுக்கு முன்னால். நான் துப்புரவாக்கிய அந்தப் போன் சத்தம்?

நல்லகாலம், பதிப்பை மாற்றினாலும் கமராவிலிருந்து எடுத்த மூலத்தை நான் அழிப்பதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலத்தைப் போட்டேன். ஒருதரம் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். பிறகு ஐயருக்குப் போன் எடுத்து, நாளைக்கு முதல் படகில் வாருங்கள் என்றேன்.

அவர் வந்து நின்றார். கதிரையில் இருங்கள் என்றேன், இருந்தார். அந்த அம்மா எழும்புகிற நேரம் பார்த்து லண்டனுக்கு எடுத்தேன்.

"அக்கா, என்ரை நேரத்தை நம்பவேண்டாம். உங்கடை போனைப் பாருங்கோ. கலியாணத்தண்டு மகளுக்கு எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள் எண்டு அதிலை இருக்கும்."

"ஏன்?"

"பாருங்கோ அக்கா, பிறகு என்னைப் பேசலாம்."

மூக்குக்கண்ணாடி தேடுகிற சத்தம் கேட்டது. போனை மேலே தள்ளித் தள்ளிப் போகிறா என்று விளங்கியது.

"ஐஞ்சு நாப்பத்தாறு" என்றா.

நான் கணக்குச் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போனவர்களுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கோடையில் நாலரை, மாரியில் ஐந்தரை, நித்திரையில் கேட்டாலும் சொல்வார்கள்.

"நாலரை கூட்டினால்... பத்து... பத்துப் பதினாறு." "அது நான் போன் எடுத்த நேரம். தாலி கட்டின நேரம் இல்லையே?"

"இதைக் கேளுங்கோ" என்று போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்து மூலத்தைப் போட்டேன்.

ஐயர் மந்திரம் சொல்கிறார். போன் அடிக்கிறது. மகளின் குரல் பக்கத்தில் கேட்கிறது: "அம்மா! தம்பி தாலியைக் கையிலை எடுத்திட்டான். போனை உயர்த்திப் பிடிக்கிறன், கேளுங்கோ, கேளுங்கோ!" அந்தக் கேளுங்கோவுக்கு மேலேயே கெட்டிமேளம் விழுகிறது. தவிலும் நாதஸ்வரமும் சனத்தின் சத்தமும் ஒன்றாய்ச் சேர்ந்து, சின்னப் போனுக்குள் போனால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

நிறுத்தினேன்.

"இதுதானோ அந்த இரைச்சல்?"

"ஓம், அக்கா."

"என்ரை பிள்ளையின்ரை கெட்டிமேளத்தையோ நான் இரைச்சல் எண்டு வெட்டினனான்?"

அதற்குப் பிறகு அவ அழுதா. நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஐயர் உங்கை நிக்கிறாரோ?" என்று கேட்டா. போனைக் கொடுத்தேன். அவதான் கதைத்தா.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் எத்தினை பேருக்குச் சொன்னனோ அத்தினை பேருக்கும் திருப்பிச் சொல்லுவன். இண்டைக்கே சொல்லுவன்."

ஐயர் போனைத் தந்துவிட்டுக் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். முகத்தைச் சால்வையால் துடைத்தார். பிறகு, முந்தி என்னிடம் தண்ணீர்கூட வாங்காத மனிதர், "அக்கா, ஒரு பிளேன்ரீ கிடைக்குமோ?" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் ஒருவருக்கும் தேத்தண்ணி போட்டதில்லை. சீனி இரண்டுமடங்கு போட்டுவிட்டேன், அவரும் குடித்தார்.

ஐப்பசிக் கலியாணங்களில் ஒன்று அவருக்குத் திரும்பி வந்தது. மற்ற வீட்டுக்காரர் வேறு ஐயரைப் பேசிவிட்டார்கள். அது இன்னும் எனக்கு உறுத்தும். அந்த வீட்டுக்கு நான் நேரே போய், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

இனி உங்களுக்கு. புதுப் பதிப்பு எடுக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஆனால் மென்பொருள் முட்டாள்தனமாக ஏதும் செய்தால் சிரித்துவிட்டுக் கையால் திருத்தாதீர்கள். அது எதையோ கண்டிருக்கிறது, என்னவென்று கேளுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள். பிழை உங்களுடையது என்றால் அதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள், நாலாம் வசனத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இணையத்தில் யாரும் கேள்வி கேட்டு எழுதியிருந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள். அந்தப் பூனைக்காரர் சொல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

போன் சத்தத்துக்கு வருகிறேன், தம்பி. கடைசிப் பிரதி செய்யும்போது அதைத் திரும்பப் போடச் சொன்னது அந்த அம்மாதான். "அதிலை கைவைக்காதையும்" என்றா. நான் கைவைக்கவில்லை.

அந்த அம்மாவின் மருமகள் இப்போது லண்டனில்தான் இருக்கிறாள். போன மாதம் என்னோடு கதைத்தபோது சொன்னாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி அந்த வீடியோவைப் போடுவாவாம். தாலிகட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னமே கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்துவாவாம்.

"கதைக்காதேங்கோ. இப்ப நான் போன் எடுக்கப்போறன்."